மானிட்டர் மாற்ற நினைக்கும் நம் வட்டாரத்து இளைஞர்களுக்கு

ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் சுரண்டையிலும் கடையத்திலும் வீட்டறையையே கலைக்கூடமாக்கி இசை அமைத்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

அம்மன் கொடைக்கு வேண்டிய பாட்டையும், சபையில் பாடும் கீதத்தையும், கல்யாண வீடியோவுக்கு வேண்டிய பின்னணி இசையையும், அவற்றுக்கிடையே கிடைக்கும் இரவுகளில் உங்கள் மனத்துக்கு உகந்த சொந்தப் பாடலையும், ஒரு கணினியும் ஒரு மைக்கும் ஓர் இணை ஒலிபெருக்கியும் கொண்டு நீங்கள் உண்டாக்கி வருவதைச் சில வருஷங்களாக அருகிலிருந்து பார்த்தும் கேட்டும் வருகிறேன். ஒரு தலைமுறைக்கு முன்னே, பாட்டொன்றைப் பதிவு செய்ய வேண்டுமானால் சென்னைக்கு ரயிலேறி, வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவுக்கூடத்தில் மணிக்கணக்குப் பார்த்துப் பாட வேண்டியிருந்த ஊர்க்காரர்களுக்கு, இது எத்தகைய பாக்கியம் என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் உங்களில் பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் என்னிடம் கேட்டு வருகிறீர்கள். கையிலுள்ள ஐந்தங்குல மானிட்டர் ஒலிபெருக்கியை விற்றுவிட்டு எட்டங்குலத்துக்குப் போகலாமா, இன்னும் விலையுயர்ந்த கம்பெனிக்கு மாறினால் மிக்ஸ் சரியாகிவிடுமா என்பதே அது. தனித்தனியே பதில் சொல்வதைவிட, எல்லாருக்கும் பொதுவாக என் அபிப்பிராயத்தை எழுதிவிடுவது உசிதம் என்று தோன்றியதால் இம்மடல்.

இந்தக் கேள்வியை அலட்சியமாகக் கருதுகிறவன் அல்லேன். நம் வட்டாரத்தில் பல வீடுகளில் ஓர் இணை மானிட்டரின் விலை என்பது, தாயாரோ அக்காளோ மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றிய பீடிக்கட்டுகளின் விலையாகும். அந்தப் பணம் தக்க இடத்தில் செலவாக வேண்டும் என்ற கவலை உங்களுக்கு இருப்பதுபோலவே எனக்கும் இருக்கிறது.

முதலில் நீங்கள் வேலை செய்யும் அறையை நினைத்துப் பாருங்கள். செங்கல் சுவர், சிமெண்டுப் பூச்சு, கான்கிரீட் மேற்கூரை, டைல்ஸ் பதித்த தரை. நீளம் பத்தடி, அகலம் பத்தடி, பல வீடுகளில் உயரமும் ஏறக்குறையப் பத்தடி. குடியிருப்பதற்குச் சௌகரியமான இந்தச் சதுர அறையைப்போல் ஒலிக்கு விரோதமான அறை வேறில்லை. எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையிலுள்ள தூரம் எந்த ஒலியலையின் நீளத்தில் பாதியாக இருக்கிறதோ அந்த ஒலி அந்த அறையில் நின்றுகொண்டு ஓங்கும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் விதி. பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர், நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும், கணக்குப் போட்டால் 57 ஹெர்ட்ஸ் வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாக இருக்கும் அறையில் மூன்று திசைகளிலும் அதே 57 ஹெர்ட்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கிறது. கிக் டிரம்மின் உயிர் இருக்கும் இடமும், பேஸ் கிதாரின் கீழ்ஸ்வரங்கள் உலவும் இடமும் அதைச் சுற்றித்தான்.

இனி, அந்த அறையில் நீங்கள் உட்காரும் இடத்தைக் கவனியுங்கள். கட்டிலைச் சுவரோரம் போட்டு, அதன்மேல் அமர்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மிக்ஸ் செய்கிறவர்களுக்கு அந்த 57 ஹெர்ட்ஸ் பலமடங்கு பெருகிக் கேட்கும். அது மிகுதியாக இருக்கிறதென்று எண்ணி அவர்கள் குறைத்துவிடுவார்கள். பாட்டு வெளியே போனபிறகு சோகை பிடித்ததுபோல் ஒலிக்கும். அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்களுக்கோ, அலையின் அழுத்தம் நடுவில் அடங்கிவிடுவதால், அதே ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். போதவில்லை என்று கருதி அவர்கள் மேலும் மேலும் ஏற்றுவார்கள். கோயில் கொடையில் பெரிய பாக்ஸ் வைத்து ஒலிபரப்பும்போது பந்தலே அதிரும். இருவரும் குற்றம் சாட்டுவது மானிட்டரை. மேடுபள்ளமான தரையில் தராசை வைத்துவிட்டு, நிறை சரியாக இல்லையென்று தராசை மாற்றிக்கொண்டே இருக்கும் வியாபாரியின் நிலைதான் இது.

எட்டங்குலத்துக்கு மாறினால் என்ன நேரும் என்பதையும் ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். உங்களில் பலரிடம் இருக்கும் யமஹா எச்.எஸ். 5 என்ற மானிட்டர், அதன் தயாரிப்பாளரே தரும் கணக்கின்படி, 74 ஹெர்ட்ஸில் மூன்று டெசிபெல் தணிந்து, 54 ஹெர்ட்ஸில் பத்து டெசிபெல் வரை இறங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் அறையின் 57 ஹெர்ட்ஸை அது பலமாகத் தட்டி எழுப்புவதில்லை. அதன் மூத்த சகோதரமான எச்.எஸ். 8, 47 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய முழுபலத்துடன் ஒலிக்கக்கூடியது. அதை அதே அறையில், அதே மேஜையில் கொண்டுவந்து வைத்தால், அறை எந்த ஸ்வரத்தில் பித்துக்கொள்கிறதோ அதே ஸ்வரத்தை அது முழுபலத்தோடு ஊட்டும். கூடுதல் பணம் கொடுத்து, அறையின் குறையையே பெருக்கி வாங்கியவர்கள் ஆவீர்கள். இதனால் எச்.எஸ். 8 தாழ்ந்த சாதனம் என்று ஆகாது. அது இடமகன்ற, சீர்செய்யப்பட்ட அறையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது.

அறையைச் சீர்செய்வது என்றவுடன் பெருஞ்செலவு என்று அஞ்ச வேண்டாம். இந்தச் சாஸ்திரம் பிறந்த கதையே மெத்தைகளின் கதைதான். 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய சொற்பொழிவு மண்டபத்தில் பேச்சு எதிரொலியில் கரைந்துபோய் யாருக்கும் விளங்காதிருந்தபோது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளம் பேராசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் காலத்தைக் கடிகாரம் கொண்டு அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பாராம். அந்த இரவுகளின் பயனாகத்தான், ஓர் அறையின் கனஅளவுக்கும் அதிலுள்ள உறிஞ்சு பொருள்களுக்கும் எதிரொலிக் காலத்துக்கும் உள்ள சம்பந்தம் சூத்திரமாகக் கிடைத்தது. ஒலியை உறிஞ்சும் சக்திக்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒரு திறந்த சன்னல். திறந்த சன்னலில் புகுந்த ஒலி திரும்பி வருவதில்லை அல்லவா? ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வீசி, காற்றாலைகள் ஓயாமல் சுழலும் ஆனி, ஆடி மாதங்களில் நீங்கள் சன்னலை இறுக மூடிக்கொண்டு வேலை செய்கிறீர்கள். பங்குனி, சித்திரையில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள். அதே மானிட்டர் இரண்டு பருவங்களில் இரண்டு விதமாக ஒலிப்பதைக் கவனித்திருப்பீர்களானால், அதன் காரணத்தில் ஒரு பங்கு இதுதான்.

அதனால் செய்யத்தக்கவை சில. மானிட்டர்களை அறையின் ஒரு சுவருக்கு முன்னே சமச்சீராக வையுங்கள். ஒன்று மூலையிலும் மற்றொன்று வாசற்பக்கமும் இருக்கலாகாது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்குள்ள தூரமும் சமமாக ஒரு முக்கோணம் அமையட்டும். உச்ச ஒலி தரும் சிறிய கூம்பு காதின் மட்டத்தில் இருக்கட்டும். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு தூரத்தில் தலை இருப்பது நல்லதென்று அனுபவசாலிகள் சொல்வதை ஆரம்பமாகக் கொண்டு, அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்ந்து பாருங்கள். பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, நாற்காலியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு அதில் மானிட்டர் எங்கே தெரிகிறதோ, அந்த இடத்தில் நான்கங்குல கனமுள்ள கண்ணாடிநார்ப் பலகையைத் துணியால் போர்த்தி, சுவரிலிருந்து சிறிது இடைவெளி விட்டு மாட்டுங்கள். மூலைகளில் இன்னும் கனமாக வையுங்கள். கடையில் விற்கும் ஓரங்குல ஸ்பாஞ்சும், முட்டை அட்டையும், தெர்மோகோலும் இந்தக் காரியத்துக்கு உதவா. ஸ்பாஞ்சு மேல்ஸ்தாயியை மாத்திரம் விழுங்கிவிட்டுக் கீழே உள்ள குழப்பத்தை அப்படியே விட்டுவிடும். அறை அடைத்துக்கொண்டதுபோல் ஆகுமேயன்றித் தெளிவு பெறாது. அறைக்கு ஈடுசெய்யும் மென்பொருள் வந்திருக்கிறதே என்பீர்கள். மிகுந்திருப்பதை அது குறைக்கும்; ஆனால் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட இடத்தில் எவ்வளவு ஊட்டினாலும் அதுவும் அழிந்துதான் போகும்.

இதற்கு எதிராக நீங்கள் ஒரு வாதம் சொல்வதுண்டு. ஏ.ஆர். ரகுமானும் வீட்டிலிருந்துதானே தொடங்கினார், நல்ல சாதனங்கள் இருந்ததால்தானே ரோஜா பிறந்தது என்பது அது. கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்தில் 1989-இல் அவர் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான் 1992-இல் வெளிவந்த ரோஜாவின் இசை உருவாயிற்று என்பது மெய்யே. ஆனால் அது ஒலிப்பதிவுக்கென்றே கட்டிய கூடம். படுக்கையறையில் ஒரு மூலையைப் பங்கு கேட்டுப் பெற்ற இடமன்று. ரோஜாவுக்கு முன்னே விளம்பர இசைகளை அமைத்து அமைத்து அந்த இடத்தின் குணதோஷங்கள் அவருக்குக் கரதலப் பாடமாகியிருந்தன. அவருடைய எத்தனையோ பாடல்களுக்கு ஒலிக்கலவை செய்தவரும், நான்கு முறை தேசிய விருது பெற்றவரும், 2008-இல் அகாலத்தில் மறைந்தவருமான எச். ஸ்ரீதர் என்ற மேதையின் காது, எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று. அந்தக் கதையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஓரிடத்தில் நிலைத்திருந்து அதனை அறிந்துகொள்ளும் பொறுமை என்றே நான் நினைக்கிறேன்.

மேனாட்டு அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1978-இல் யமஹா கம்பெனியார் வீடுகளில் பாட்டுக் கேட்பதற்கென்று என்.எஸ். 10 என்ற ஒலிபெருக்கியைச் செய்தார்கள். வீட்டுக்காரர்கள் அதை விரும்பவில்லை. ஆனால் பாப் கிளியர்மவுன்டன் போன்ற கலவை நிபுணர்கள் அதைக் கைக்கொண்டபின், வெள்ளைக் கூம்புள்ள அந்தச் சிறு பெட்டி உலகத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களிலெல்லாம் இடம்பெற்றது. அதன் ஒலி சமமானதன்று. மத்திமத்தில் உரத்தும் கீழே வறண்டும் இருக்கும். மூடிய பெட்டியாதலால் அடித்த அடி உடனே அடங்கிவிடும் என்ற குணம் அதற்குண்டு. அதைக் காட்டிலும் முக்கியமானது, அதைப் பயன்படுத்தியவர்கள் அது எங்கே பொய் சொல்லும் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தார்கள் என்பது. கூம்புக்குரிய மரக்கூழ் கிடைக்காமற்போனதால் 2001-இல் அதன் உற்பத்தி நின்றபோது, பழையவற்றைத் தேடி வாங்கிச் சேர்த்தவர்கள் பலர். எவ்வளவோ உயர்ந்த மானிட்டர்கள் சந்தையில் இருந்த காலம் அது.

ஆனால் மாற்றவே கூடாது என்று நான் சாதிப்பதாகக் கொள்ள வேண்டாம். மாற்ற வேண்டிய சந்தர்ப்பங்கள் மெய்யாகவே உண்டு. டிவிக்கு வாங்கிய ஹோம் தியேட்டரிலோ, கணினிக்கு வாங்கிய சிறு ஸ்பீக்கரிலோ வேலை செய்கிறவர்கள் இன்றே மாறலாம். அவை கேட்பவரை மகிழ்விப்பதற்காகக் கீழையும் மேலையும் உப்பவைத்துச் செய்யப்பட்டவை, உண்மையைச் சொல்வதற்காக அல்ல. கூம்பு கிழிந்திருந்தாலோ, மிதமான அளவில் வைத்தாலே ஒலி கரகரத்தாலோ மாற்றத்தான் வேண்டும். இரைச்சல் மாத்திரம் இருக்குமானால் அவசரப்படாமல் வீட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறிப் பாருங்கள். பாதி வீடுகளில் ரீங்காரம் அத்துடன் ஒழிந்துவிடும்.

இவற்றையெல்லாம் செய்து, அறையும் ஓரளவு அடங்கி, பல மாதங்கள் அதிலேயே வேலை செய்து பழகியபின்னும், இன்னது எனக்குக் கேட்கவில்லை என்று பெயரிட்டுச் சொல்லக்கூடிய குறை ஒன்று எஞ்சி நிற்குமானால், அப்போது வாங்குங்கள். நம் வட்டாரத்து இசைக்கு இப்படி ஒரு குறை நேர்வது இயல்பே. வில்லுப்பாட்டில் வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் சிலிர்க்கும் ஒலி ஒரு கோடி. மட்டையால் குடத்தின் வாயை அறையும்போது உள்ளேயிருந்து காற்றுடன் எழும் கும்மென்ற நாதம் மறுகோடி. கணியான் கூத்தில் உச்ச மகுடத்துக்கு மந்த மகுடம் பதில் சொல்வதையும், நையாண்டி மேளத்தில் தவிலின் தொப்பி உறுமுவதையும் பதிவு செய்கிறவர்கள், அந்தக் கீழ்நாதம் எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது என்பதைக் காதால் கண்டாக வேண்டும். பதிவில் அது இருந்தும் மானிட்டர் காட்டவில்லை என்று ஹெட்போனில் கேட்டுத் தெளிந்திருந்தால், பெரிய மானிட்டரோ, துணையாக ஒரு சப்வூஃபரோ தேவை என்பது நியாயமான முடிவு. "எல்லாரும் அதுதான் வைத்திருக்கிறார்கள்" என்பதும், "என்னவோ திருப்தியில்லை" என்பதும் காரணங்கள் ஆகா.

வாங்கும்போதும் விவேகம் வேண்டும். கடைக்காரர் ஒன்றைச் சற்று உரக்க வைத்தாலே அது மேலானதுபோல் காதுக்குத் தோன்றிவிடும். இரண்டையும் சம அளவில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணின் அபிப்பிராயம் காதில் ஏறுவதும் நிச்சயம். ஃபிளாய்ட் டூல் என்ற அறிஞர் நடத்திய பரீட்சைகளில், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோதும் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோதும் ஒரே மனிதர்கள் ஒரே ஒலிபெருக்கிக்கு வெவ்வேறு மதிப்பெண் இட்டார்கள். ஆகையால் ஒரு மெல்லிய வேட்டியைத் திரையாகக் கட்டி, எது எதுவென்று தெரியாமல் நண்பரை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு நெடுநாள் பழகிய பாட்டாக எடுத்துக்கொள்வது அவசியம். கொஞ்சும் சலங்கையில் (1962) நம் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் இணைந்து செல்லும் அந்தப் பாடலை ஒருமுறை அதில் வையுங்கள். அக்காலத்து அந்தப் பாட்டில், குழலும் குரலும் ஒன்றுக்குள் ஒன்று மறையாமல் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். மானிட்டரின் மத்திமத்தைச் சோதிக்க அதைவிடச் சிறந்த உரைகல் எனக்குத் தெரியாது.

உங்கள் பாட்டு கடைசியில் ஒலிக்கப்போகும் இடங்களையும் மறவாதீர்கள். கொடைக்கு ரேடியோ செட் போடுகிறவரின் கூம்புக் குழாய் கீழ்நாதத்தை அறவே விட்டுவிடும். பஸ்ஸின் ஸ்பீக்கரும் கைபேசியும் அப்படியே. கீழ்நாதத்தின் மேல்விரிவுகளில் கொஞ்சம் தெளிவு வைத்தால்தான் அங்கேயும் தாளம் புலப்படும். மிக்ஸ் முடிந்ததும் கைபேசியில் ஒருமுறை, ஆட்டோ வைத்திருக்கும் நண்பரின் வண்டியில் ஒருமுறை, இயலுமானால் ரேடியோ செட்காரரின் கொட்டகையில் ஒருமுறை போட்டுக் கேட்பது எந்த மானிட்டரும் தராத சேதியைத் தரும். உரக்க வைத்து வேலை செய்யாதீர்கள் என்பதையும் இத்துடன் வற்புறுத்துகிறேன். எண்பத்தைந்து டெசிபெலுக்கு மேற்பட்ட ஒலியில் தினந்தோறும் மணிக்கணக்கில் இருந்தால் காது நிரந்தரமாகக் கெடும். ஒலியின் அளவு மாறமாறக் கீழும் மேலும் காதில் படும் விகிதமே மாறிவிடும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அடக்கமான ஓர் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு அதிலேயே பழகுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தம் வீட்டு முற்றத்தில் வட்டத்தொட்டி என்று ஒரு சபை கூட்டி, கவிதையைப் பலர் சேர்ந்திருந்து அனுபவிக்கும் வழக்கத்தை இம்மண்ணில் ஏற்படுத்தினார். பிற்காலத்தில் குற்றாலத்தில் அவர் வாழ்ந்தபோதும் அந்த ரஸிகக் கூட்டம் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது. நீங்கள் தனித்தனி அறைகளில் அடைந்து கிடக்கிறீர்கள். ஆளுக்கொரு புது மானிட்டருக்குத் தவணை கட்டப்போகும் நீங்கள், முதலில் எல்லாருமாகச் சேர்ந்து அளவை மைக் ஒன்று வாங்குங்கள். அதன் விலை மானிட்டரின் விலையில் சிறு பங்குதான். அறையை அளந்து வரைபடம் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த மைக்கை வீடு வீடாகக் கொண்டுபோய் ஒவ்வொருவர் அறையையும் அளந்து, வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வையுங்கள். கண்ணாடிநாரை மொத்தமாக வாங்கினால் அதுவும் மலிவாக வரும். சட்டம் அடித்துத் தர நம் ஊர்த் தச்சர்கள் இருக்கிறார்கள். நார் கையில் குத்தும், மூச்சில் ஏறும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, அவரவர் செய்த மிக்ஸை மற்றவர் அறையில் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு என் வீட்டு மச்சை ஒழித்துத் தருகிறேன். எந்த ஞாயிறு என்பதை மட்டும் நீங்கள் கலந்து பேசி எனக்குத் தெரிவியுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும் ஊர்க்காரன்,
ஆலங்குளம்.